அம்பு ஒட்டிய ஆறு பெயர்கள்

குறை கண்டுபிடிப்பதில் அனுப்ரியாவுக்குக் கை பழகியிருந்தது. கல்லூரி விட்டதும் பஸ் பிடித்துப் பனியன் கம்பெனிக்குப் போவாள். எட்டு மணி வரை செக்கிங் மேசை. ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம், எது கண்ணில் பட்டாலும் அங்கே ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளி வைப்பாள். தைத்தவர் பார்த்துச் சரிசெய்து தருவார். அதோடு முடிந்தது.

2006இல், இரண்டாமாண்டு படிக்கும்போது, மாணவியர் பேரவைச் செயலாளர் பதவிக்கு நின்று ஜெயித்தாள். முதல் வேலையாகக் கையிலெடுத்தது கழிவறையை. எண்ணூறு பெண்கள் படிக்கிற இடத்தில் பத்து மணிக்கு மேல் தண்ணீர் வராது. அதற்குப் பயந்து பிள்ளைகள் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாக மாதம் நாலு பேராவது படுத்தார்கள். முதல்வரிடம் வாயால் சொல்லிப் பார்த்தும் நடக்கவில்லை. மனு எழுதினாள். பெயர், ரோல் நம்பர், கையெழுத்து என்று இரண்டே நாளில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள்.

கம்பெனியில் டீ நேரத்தில் தாள்களைச் சரிபார்த்தாள். ஆறு பேர் ரோல் நம்பர் எழுதவில்லை. காலையில் கேட்டு எழுதிக்கொள்ளலாம் என்று அந்த ஆறு பெயர்களுக்குப் பக்கத்திலும் அம்பு ஒட்டினாள். காலையில் முதல்வர் வெளியூர் கிளம்புகிறார் என்று சொன்னார்கள். அவசரத்தில் அப்படியே கொடுத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் அந்த ஆறு வீடுகளுக்கும் கல்லூரியிலிருந்து கடிதம் போயிற்று. உங்கள் மகள் மற்ற மாணவிகளைத் தூண்டிவிட்டாள் என்று. அம்பு போட்டிருப்பவர்கள்தான் தலைவிகள் என்று அலுவலகத்தில் முடிவு கட்டியிருந்தார்கள்.

அனுப்ரியா முதல்வர் அறைக்கு ஓடினாள்.

"அது டேமேஜுக்கு ஒட்டறதுங்க மேடம்."

"யாருக்கு டேமேஜ்? காலேஜுக்கா?"

விளக்கி முடிக்க அரை மணி நேரமானது. "அப்ப தூண்டிவிட்டது யாரு?" என்று முதல்வர் கேட்டார்.

"நாந்தானுங்க."

பதவி போயிற்று. ஐந்து வீடுகளில் திட்டோடு விட்டார்கள். ஆறாவது பெண் ஆஷா, வகுப்பில் அனுப்ரியாவுக்குப் பக்கத்து இருக்கை. அவள் வருவது நின்றது. தையலுக்குப் போகட்டும் என்று அவள் அப்பா சொல்லிவிட்டாராம்.

அப்பா பெரியகருப்பன் சாத்தூர்ப் பக்கத்துக்காரர், நிட்டிங் மிஷின் ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமை அனுப்ரியா, அம்புகளும் சேர்ந்து விழுந்திருந்த மனுவின் ஜெராக்ஸோடு நல்லூரில் அவர் வீட்டுக்குப் போய் நின்றாள். அவர் தாளை வாங்கி ஒரு தரம் பார்த்தார்.

"இதுல என்ன டேமேஜு?"

முதல்வருக்குப் புரிய அரை மணி நேரம் பிடித்த விஷயம் இவருக்கு உடனே புரிந்ததில் அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. "ரோல் நம்பர் போடலீங்க. அவ்வளவுதானுங்க. கடுதாசி வந்ததே தப்புங்க."

"சரி, கடுதாசி தப்பு. கையெழுத்து யாருது?"

"ஆஷாவோடதுதானுங்க."

"பெறகென்ன?"

சமையல்கட்டு வாசலில் நின்ற ஆஷா பேசினாள். அப்பாவிடம் அல்ல. "நம்பர் மறந்து போச்சுன்னா நெனச்ச? நாங்க ஆறு பேரும் பேசி வச்சுத்தான் விட்டோம். நம்பர் இல்லாட்டி கூட்டத்துல எங்களத் தேட மாட்டாகன்னு. நீ போயி அம்பு ஒட்டிக் காட்டிட்ட."



பெரியகருப்பன் மகளைப் பார்த்தார். "அம்புட்டுப் பயந்தவ எதுக்குப் போட்ட?"

"தண்ணி இல்லப்பா."

"இப்ப வருதா?"

"இல்லீங்க," என்றாள் அனுப்ரியா.

அவர் தாளை நாலாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "நாளைக்கு நானே கொண்டாந்து விடுதேன். பரிச்ச எழுதட்டும். ஆனா ஒம் பக்கத்துல உக்காரக் கூடாது. பேச்சும் கூடாது. சரியா தாயி?"

"சரிங்க."

திங்கட்கிழமை ஆஷா வந்தாள், முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. அவள் பைக்கு வெளியே தண்ணீர் பாட்டில் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. மூன்றரை மணிக்கு அவள் எழுந்து போகும்போதும் அது கழுத்து வரை நிறைந்தே இருந்தது.