அப்பா பெயரை வெட்ட விடாத தெரசா

தெரசா போய்விட்டார் என்ற செய்தி சபாக்கிலிருந்து அவருடைய தம்பி மூலம் வந்தது. நான் உலைக்கு அரிசி களைந்துகொண்டிருந்தேன். "அக்கா தூக்கத்துலயே போயிட்டாங்க" என்றார். சண்டை போடாமல் தெரசா எந்த இடத்தை விட்டும் கிளம்பியதில்லை. அதனால் எனக்கு நம்பச் சற்று நேரமானது.

எண்பதுகளில் கோல சிலாங்கூரில் ஒரு தோட்ட நிர்வாக அலுவலகத்தின் கணினி அறைக்கு நாங்கள் இருவரும் ஒன்றாகத்தான் வேலைக்குச் சேர்ந்தோம். அவரோடு வேலை பார்த்து, இன்று அஞ்சலி செலுத்தக் கூடியிருக்கும் உங்களுக்கு அவர் வழக்கம் தெரியும். கணினிக்குக் கட்டளைகளை வரிசையாக எழுதிக்கொடுக்கும் ஸ்கிரிப்ட் தகராறு செய்தால் ஒவ்வொரு கட்டளைக்கு முன்னும் 'எக்கோ' என்று சேர்த்துவிடுவார். அப்போது கணினி எதையும் செய்யாது, என்ன செய்யப்போகிறது என்று திரையில் சொல்லும். "செய்றதுக்கு முன்னாடி சொல்லச் சொல்லு. எங்க வீட்டுக்காரருக்கும் இதான் சட்டம்" என்பார். அந்த நல்ல மனிதரும் மறுத்ததில்லை.

ஒருமுறை ஈஜோக் பக்கம் ஒரு தோட்டம் கைமாறியது. தோட்டக் குடியிருப்பான லயத்தைக் காலி செய்யும் தொழிலாளர்கள் மலிவு விலை வீட்டுக்கு மனுப்போட எங்கள் அலுவலகத்தின் சான்றுக் கடிதம் வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி நாள். ஆளுக்கொரு கோப்பு, அவரவர் பெயரே கோப்புக்கும் பெயர், அதையே கடிதத்திலும் அச்சடிக்க வேண்டும் என்று ஸ்கிரிப்டை எழுதியிருந்தோம். ஓட்டினோம். மலாய்க்காரர், சீனர் கடிதங்கள் எல்லாம் வந்தன. தமிழர் கடிதம் ஒன்றுகூட வரவில்லை.

தெரசா எக்கோ போட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். இன்னாரின் மகன், மகள் என்பதற்கு நம் பெயர்களில் ஏ/எல், ஏ/பி என்று வரும். அந்தச் சாய்கோடு கணினிக்கு வழி பிரியும் இடம். 'அஞ்சலை ஏ' என்ற அறைக்குள் போய் 'பி கருப்பன்' என்ற கோப்பை வைக்கப் பார்த்திருக்கிறது. அப்படியோர் அறையே இல்லாததால் விட்டுவிட்டது.

"இல்லாத ஜங்ஷன்ல பஸ்ஸ திருப்பச் சொன்னா எங்க லா திரும்பும்?" என்றார் தெரசா.

எங்கள் மேலாளர் அவசரக்காரர். "அப்பன் பேர எடுத்துடுங்க. வெறும் பேரு போதும்" என்றார். எடுத்தோம். கடிதங்கள் வந்தன. ஆனால் அந்தத் தோட்டத்தில் இரண்டு அஞ்சலைகள் இருந்தார்கள். பின்னால் வந்தவர் கோப்பு முன்னவர் கோப்பை அழித்துவிட்டது. வியாழக்கிழமை கருப்பன் மகள் அஞ்சலை வந்து நின்றார்.

"என்னா தாயி, வயசுக்கு வந்ததுலேருந்து அங்கதான் பால் மரம் சீவுறேன். நான் இல்லைங்குதா இந்தப் பொட்டி?"

மேலாளர் தலையைச் சொறிந்தார். "ரெண்டுல ஒருத்தர் வேற பேரு வச்சிக்கிட்டா வேல முடிஞ்சிடும்."

தெரசா எழுந்துவிட்டார். "பொட்டிக்குப் புரியலன்னா இவங்க அப்பாவக் கழட்டணுமா சார்? கோளாறு நாம போட்ட பாதையில இருக்கு. ஆளு மேல கை வைக்காதீங்க."

கோப்புகளுக்கு அடையாள அட்டை எண்ணைப் பெயராக வைத்தார். முழுப்பெயரைக் கோப்புக்குள்ளே எழுதினார். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் எல்லாக் கடிதங்களும் வந்தன. அஞ்சலைக்குப் படிக்கத் தெரியாது. "எங்கப்பா பேரு எங்க தாயி இருக்கு?" என்றார். தெரசா காட்டினார். அந்த இடத்தை அஞ்சலை விரலால் தடவிப் பார்த்தார். அவருக்கு வீடும் கிடைத்தது.

தெரசாவின் ஆன்மா அமைதியடையட்டும் என்கிறீர்கள். எனக்கு அவருடைய அமைதி பழக்கமில்லை. இன்றும் ஏதாவதொரு கவுண்டரில், கணினி ஏற்கவில்லை, பெயரைச் சுருக்கிக்கொள்ளுங்கள் என்று யாராவது சொன்னால் எனக்குச் சுள்ளென்று கோபம் வருகிறது. அது தெரசாவின் கோபம். அதை நான் வைத்துக்கொள்கிறேன்.