திருப்புளி மாட்டிய புதுப் பிளக்

என் கொழுந்தனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஊருக்கே அவன் திருப்புளிதான். சட்டைப்பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குட்டித் திருப்புளி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். வேலை என்னவோ டைல்ஸ் கடையில். மனசு மட்டும் எங்கே எந்த ஸ்க்ரூ இருக்கிறது என்று அலையும். நான் கல்யாணமாகி வந்த புதிதில் என் மிக்சியைக் கழற்றினான். "ஸ்பீடு பத்தல அண்ணி" என்றான். ஸ்பீடு கூடத்தான் செய்தது, மூடி போய்க் கூரையில் இடித்தது. அன்றைக்கு எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அந்தச் சிரிப்பெல்லாம் அத்தைக்கு நுரையீரல் கெட்டுப்போகும் வரைக்கும்தான். அத்தை என்றால் என் மாமியார், அவனைப் பெற்றவர். கட்டிலோரம் ஆக்சிஜன் மெஷின் ஓடினால்தான் அவருக்கு மூச்சு. மெஷின் ஓட மின்சாரம் வேண்டும். எங்கள் தெருவிலோ அது சொல்லாமல் கொள்ளாமல் போகும். அதற்காகவே பின்வாசலுக்கு வெளியே ஒரு சின்னப் பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்கிப் போட்டோம். என் வீட்டுக்காரருக்குக் கப்பலில் வேலை, பாதி வருஷம் ஆளே இருக்க மாட்டார். ஆக, கரண்ட் போனால் கயிற்றை இழுத்து ஜெனரேட்டரைக் கிளப்புவது திருப்புளியின் பொறுப்பு. அத்தையைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

அந்த ஜெனரேட்டர் சனியன் லேசில் கிளம்பாது. அவன் வெளியே இழு இழு என்று இழுப்பான். நான் உள்ளே அத்தையின் உதடு நீலமாவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். இதெல்லாம் அவன் கண்ணில் பட்டதே இல்லை. பெற்ற மகன், ஆனால் அந்த அறைக்குள் காலடி வைக்க மாட்டான். வாசற்படியில் நின்று, "அம்மா, சாப்பிட்டியா?" என்பான். அத்தை மூச்சைச் சேர்த்துப் பதில் சொல்வதற்குள் ஆளைக் காணாது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் கையில் ஒரு பெட்டியோடு, முகமெல்லாம் பல்லாக வந்தான்.

"என்ன தம்பி அது?"

"ஜெனரேட்டருக்கு இக்னிஷன் கிட்டு அண்ணி. புது காயில், அப்புறம் ரேஸ் பைக்குல போடுற ஸ்பார்க் பிளக்கு. பொறி சும்மா பளீர்னு அடிக்கும். ஒரே இழுப்புல கிளம்பும், பவரும் கூடும்."

"அடுப்பு பத்த ஒரு குச்சி போதும். பத்து குச்சிய ஒண்ணா கொளுத்துனா சோறு சீக்கிரம் வெந்துடுமா?"

"உங்களுக்கு இதெல்லாம் புரியாது அண்ணி."

"புரியவே வேணாம்ப்பா. ஏதோ ஓடிட்டு இருக்கு, அத நோண்டாம இரு."

கேட்டால்தானே! அன்று சாயங்காலமே மாட்டிவிட்டான். உள்ளதைச் சொல்ல வேண்டும், ஒரே இழுப்பில் கிளம்பியது. பவர் கூடிவிட்டது, பல்பு எப்படி எரிகிறது பாருங்கள் என்று குதித்தான். என் கண்ணுக்கு எப்போதும் போலத்தான் எரிந்தது. ஃபேனைப் போட்டுப் பார்த்தான், அயர்ன் பாக்ஸைப் போட்டுப் பார்த்தான். சமையலறையில் என் பேட்டரி ரேடியோ மட்டும் கரகரவென்று கத்தியது. "அது கிழட்டு ரேடியோ அண்ணி" என்றான். ஆக்சிஜன் மெஷினை அதில் மாட்டிப் பார்க்கவே இல்லை. பார்ப்பதென்றால் அறைக்குள் வர வேண்டும், சோதனை முடியும் வரை அம்மா திணறுவதைப் பார்க்க வேண்டும். "இவ்ளோ ஓடுது, அது மட்டும் ஓடாதா?" என்று சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டான்.

அடுத்த வாரம், அவனுக்கு லீவு நாள். மத்தியானம் கரண்ட் போனது. வெளியே ஒரே இழுப்பு, ஜெனரேட்டர் உறுமியது. "பாத்தீங்களா அண்ணி!" என்று அங்கிருந்தே கத்தினான். நான் மெஷினைப் போட்டேன். ஓடத் தொடங்கியது. உடனே கீ கீ என்று அலறி, சிவப்பு விளக்கு எரிந்து, நின்றுவிட்டது. அணைத்துப் போட்டேன். மறுபடியும் அதே அலறல். தலைக்கு மேல் ஃபேன் ஜம்மென்று சுற்றிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது எடுத்துப்போகிற சின்ன சிலிண்டரை இழுத்து வந்து குழாயை அதில் மாட்டினேன். அதன் முள் ஏற்கெனவே சிவப்புக்குப் பக்கத்தில் நின்றது. அத்தை என் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி! மெஷின் ஓடலடா!"

அதுவரை அவனை நான் டா போட்டுப் பேசியதில்லை. வாசற்படிக்கு ஓடி வந்தான். "வோல்டேஜ் கரெக்டா இருக்கே அண்ணி..."

"கரெக்டா இருந்தா ஏன்டா நிக்குது? அங்க ரேடியோவும் கத்துது, இங்க இதுவும் கத்துது. எல்லாம் உன் பிளக்கு வந்த பிறகுதான்!"

அவன் முகத்தில் ஈயாடவில்லை. "அண்ணி, அது... அந்தப் பிளக்குல ரெசிஸ்டர் கிடையாது" என்றான். சாதாரண பிளக்குக்குள் பொறியின் மின் இரைச்சலை அடக்க ஒரு சின்னச் சாமான் இருக்குமாம். ரேஸ் பிளக்கில் அது இருக்காதாம். அந்த இரைச்சல் காற்றிலும் கம்பியிலும் ஏறிவந்து மெஷினின் மூளையைக் குழப்பியிருக்கிறது. தொந்தரவு ரேடியோவோடு நின்றுவிடும் என்று நினைத்தானாம்.

"பேசிட்டு நிக்காத, பழச மாட்டு!"

ஜன்னல் வழியே எல்லாம் தெரிந்தது. என்ஜினை நிறுத்தினான். கொதிக்கிற பிளக்கை ஸ்பேனரால் தளர்த்தி, வெறும் விரலால் சுற்றி எடுத்தான். தோல் பொசுங்கியிருக்கும், ஒரு சத்தம் போடவில்லை. பழைய பிளக் மரையில் உட்கார மறுத்தது. ஒருவழியாக உட்கார்ந்தது. கயிற்றை இழுத்தான். ஒன்றுமில்லை. மறுபடி இழுத்தான். சிலிண்டர் முள் படுத்துவிட்டது. அத்தையின் கண் மேலே செருகத் தொடங்கியது. "கிளம்பு, கிளம்பித் தொலை" என்று நான் வாய்விட்டே கத்தினேன். அவன் காலை ஊன்றி, உடம்பு மொத்தத்தையும் சேர்த்து இழுத்தான். இருமிக்கொண்டு கிளம்பியது.

மெஷின் ஓடியது. அலறவில்லை. குழாயை மாற்றி மூக்கில் வைத்தேன். அத்தையின் நகத்தில் நீலம் மறைந்து கொஞ்சம் கொஞ்சமாக ரத்தச் சிவப்பு வந்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

திரும்பினால், திருப்புளி அறைக்குள் நிற்கிறான். அவனைத் திட்டுவதற்கு என்னிடம் மூட்டை மூட்டையாக இருந்தது. அவன் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தான். பொசுங்கிய விரலை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவையே பார்த்தான். ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டைக்குழி உள்ளே போய் வந்தது. நெஞ்சில் விசில் கேட்டது. இரண்டு மூச்சுக்கு நடுவில் வாய் காற்றைத் தேடியது. நெடுநேரம் பார்த்தான்.

"இவ்ளோ கஷ்டப்படுறாங்களே அண்ணி. எல்லாம் என்னாலதானே? நாளைக்குச் சரியாயிடுமா?"

அழுகிற குரல். பாவமாகப் போய்விட்டது.

"உன்னால இல்ல தம்பி" என்றேன். "தினமும் இப்படித்தான்."

ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னேன். சொன்ன பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தேன். தன்னால் வந்தது என்றால் நாளைக்காவது சரியாகும் என்று நம்பியிருந்த முகம் அது.