இசைவாணி பறித்த கீரை

கணவனுக்கு மலத்தோடு ரத்தம் போகிறது என்று தெரிந்த நாளிலிருந்து இசைவாணிக்கு எதற்கெடுத்தாலும் பயம். ஒரத்தநாட்டுப் பக்கம் அறுவடை மெஷின் ஓட்டுகிறவன் தமிழ்மாறன். தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போய்விட்டு வந்து, "குடல்ல நாள்பட்ட புண்ணாம். மாத்திரை குடுத்திருக்காங்க. ரத்தமும் கம்மியா இருக்காம்" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

ரத்தம் கம்மி என்றால் முருங்கைக்கீரை. இதை அவளுக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டியதில்லை. நடவுக்குப் போகுமுன் வாய்க்கால் மதகில் ஏறி நின்று, தொரட்டியால் கொப்பை இழுத்து ஒடித்து வருவாள். இளங்காம்பைக்கூட வீணாக்காமல் வதக்கித் தட்டு நிறைய வைப்பாள். அவனும் வழித்துத் தின்பான். தின்னத் தின்ன இளைத்தான். இன்னும் ஒரு கை கூட்டி வைத்தாள் அந்தப் பைத்தியக்காரி.

மூன்றாம் மாதக் கடைசியில் ஒரு மத்தியானம் அவன் வயிறு கல்லாக உப்பிக்கொண்டது. வாந்தி நிற்கவேயில்லை. ஆம்புலன்ஸில் வழியெல்லாம் அவன் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்பதையே பார்த்துக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா அவளைத் தனியே கூப்பிட்டார். "புண்ணு ஆறி ஆறி ஒரு எடத்துல குடல் சுருங்கிப்போச்சும்மா. அதுல கீரை நாரு போய் அடைச்சிருக்கு. கீரை நல்லதுதான், இவருக்கு இப்ப ஆகாது. ரெண்டு நாள்ல அடைப்பு விடலைன்னா ஆபரேஷன்தான். போன தடவையே கீரை வேணாம்னு இவர்கிட்ட சொன்னேனே."

என் கையாலேயே கொன்றுவிட்டேனா? இரண்டு நாளும் வராந்தாவில் அவளுக்கு இதே நினைப்பு.

மூன்றாம் நாள் காலை அடைப்பு விட்டது. அவன் கண் திறந்ததும் கேட்டாள்.

"தெரிஞ்சும் ஏங்க தின்னீங்க?"

"எனக்காக மதகுல ஏறி நின்னு பறிச்சுட்டு வர்ற. எப்படி வேணாங்கறது?"

அவனை அறையலாம் போல இருந்தது. அழுகைதான் வந்தது.

வீட்டுக்கு வந்த அன்று சோற்றைக் குழைய வடித்து, பாசிப்பருப்பை மசித்து, அதுவும் கொஞ்சமாக வைத்தாள். அவன் முதல் வாய் விழுங்கும்வரை நின்று பார்த்தாள்.

"ஒத்துக்குதாங்க?"

"நல்லாருக்கு" என்றான்.

அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்துப் பருப்பை இன்னொரு முறை மசித்தாள். கீரை வைத்த தொண்ணூறு நாளும் அவன் அதையேதான் சொல்லியிருந்தான்.