கொரியாவுக்குப் பார்க்கும் வாஸ்து

இன்று லண்டன் ரெய்னர்ஸ் லேனில் ஒரு வீடு பார்க்கப் போனோம். கூட்டிப்போன தரகர் அண்ணை வாஸ்துப் பைத்தியம்.

தென்கொரியாவின் முன்னாள் ஜனாதிபதிகள் இருவர் சிறைக்குப் போன கதையைக் காரிலேயே தொடங்கிவிட்டார். "எல்லாம் அவையள் இருந்த ஜனாதிபதி மாளிகை நிலத்தின்ர தோஷம்."

"அப்ப லஞ்சம் வாங்கினதும் நிலமே?" என்றாள் என் மனைவி.

போய் இறங்கினால், வாசலுக்கு நேரே தெரு வந்து முட்டுகிறது. அசல் தெருக்குத்து. அண்ணையைப் பார்த்தேன்.

"உதெல்லாம் லண்டனில பார்க்கத் தேவையில்லை, தம்பி."

கொரியாவுக்குப் பார்க்கலாம், லண்டனுக்கு வேண்டாமாம். எனக்குச் சந்தேகம் தட்டியது.

"வீட்டுக்காரர் ஏன் விக்கிறார்?"

"அவர் மேல ஒரு கேஸ் நடக்குது. சின்னதுதான்."

நிலத்தைக் கிண்டல் செய்த மனைவிதான் முதலில் காருக்குள் ஏறினாள்.

நீங்கள் என்றால் வாங்குவீர்களா?