செத்தவீட்டுப் பாடம்

மூன்று வருடங்களுக்கு முந்தைய சோளகக் காலம் அது. மன்னார்ப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும், அந்த மாதங்களில் காற்று ஓயவே ஓயாது. ஜன்னலைச் சாத்தினால் புழுங்கும், திறந்தால் மணல் பறந்து வரும். நான் நகரத்தில் ஒரு கல்லூரியில் சமூகப்பணி டிப்ளோமா மாணவர்களுக்குத் தற்காலிக விரிவுரையாளராக இருந்தேன். வங்காலையிலிருந்து தினமும் பஸ்ஸில் பாலம் தாண்டிப் போய் வருவேன்.

சமூகப்பணி படிப்பிக்கிறேன் என்றால் எங்கள் ஊரில் பலருக்கு விளங்காது. சிரமதானம் செய்யச் சொல்லிக் கொடுக்கிறேன் என்று நினைத்துக் கொண்டிருந்தவர்களும் உண்டு. எங்களோடு இருந்த மாமியார்கூட, உதவி செய்வதற்கும் ஒரு படிப்பா என்று கேட்டுச் சிரிப்பார். என் கணவர் மட்டும் சிரித்ததில்லை. அவர் ஐஸ் லொறி ஓடுபவர். நான் பட்டப்படிப்பு முடித்து, வேலை பார்த்துக் கொண்டே முதுகலையும் படித்து, எப்படியாவது நிரந்தர விரிவுரையாளர் ஆகிவிட வேண்டும் என்று அலைந்த காலம் முழுக்க, என்னைவிட அவருக்குத்தான் அதில் நம்பிக்கை இருந்தது. லொறியில் ஏறுகிறவர்களிடமெல்லாம் வீட்டில் ஒரு லெக்சரர் இருக்கிறா என்று சொல்லி என் மானத்தை வாங்குவார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

நான் விரும்பிப் படிப்பித்தது, இழப்பில் இருப்பவர்களோடு எப்படிப் பேசுவது என்ற பாடம். மாணவர்கள் அதைச் செத்தவீட்டுப் பாடம் என்றே சொல்வார்கள். போரும் கடலும் போதும் போதும் என்னுமளவுக்கு ஆட்களை எடுத்துக்கொண்ட எங்கள் மாவட்டத்தில் இந்தப் பாடத்துக்கு வேலை குறைந்ததில்லை. அழாதீங்கோ என்று சொல்லக் கூடாது, எல்லாம் ஆண்டவர் சித்தம் என்று ஆறுதல் படுத்தக் கூடாது, கேட்காமல் தொடக் கூடாது, நம்முடைய சொந்தக் கதையைத் தொடங்கவே கூடாது என்பேன். பக்கத்தில் பேசாமல் இருந்தால் போதும், அவர்கள் பேசினால் கேட்டால் போதும். மிஞ்சினால், உங்களுடைய வேதனை எனக்கு விளங்குகிறது என்று ஒரு வார்த்தை. எல்லாவற்றையும்விட ஒன்றை அழுத்திச் சொல்வேன். 'நான் இருக்கிறன்' என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். ஆறு மாதத்தில் உங்கள் களப்பயிற்சி முடிந்துவிடும், நீங்கள் போய்விடுவீர்கள். ஏற்கெனவே ஒருவரை இழந்தவர் பிறகு உங்களையும் இழக்க வேண்டி வரும். அந்தப் பாவம் வேண்டாம்.

அந்த வகுப்பில் ஒருத்தி கட்டுக்கரைக் குளத்துப் பக்கத்திலிருந்து வருவாள். மலைநாட்டிலிருந்து வந்து குடியேறி, வயல்களில் கூலி வேலை செய்து பிழைக்கிற குடும்பம். வகுப்பில் எங்களைப் போலவே பேசுவாள். மனம் கலங்கிவிட்டால் வீட்டுத் தமிழ் வந்துவிடும். ஒரு நாள் இந்தப் பாடத்துக்கு நடிப்புப் பயிற்சி வைத்தேன். வேறொரு மாணவி கணவனை இழந்தவளாக நடிக்க, இவள் எதிர்க் கதிரையில் இருந்தாள். முதலில் நன்றாகத்தான் கேட்டுக் கொண்டிருந்தாள். மற்றவள் அழுவது போல முகத்தை மூடியதும் சட்டென்று எழுந்து போய், தன் சால்வையால் அவள் முகத்தைத் துடைத்து, "அழாதீங்கக்கா, நான் இருக்கேன்ல" என்று சொல்லிவிட்டாள். வகுப்பு முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை, புள்ளியைக் குறைத்தேன்.

வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்து நின்றாள். புள்ளி போனதுகூட அவளுக்குப் பெரிதாக இல்லை, ஏன் அப்படிச் சொல்லக் கூடாது என்பதுதான் அவளுக்கு விளங்க வேண்டியிருந்தது. நான் மறுபடியும் எல்லாவற்றையும் விளக்கினேன். தலையை ஆட்டிக் கேட்டுவிட்டுப் போனாள். ஏற்றுக்கொண்ட தலையாட்டல் அல்ல அது.

அடுத்த மாதம் என் கணவர் செத்துப் போனார்.

பேசாலைத் துறையில் காலையில் ஐஸ் இறக்கிக் கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக் கொண்டு லொறியின் நிழலில் இருந்தாராம். தண்ணீர் கேட்டாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. நான் வகுப்பில் இருந்தேன். போன் வந்து, நான் போய்ச் சேர்ந்தபோது போர்த்திவிட்டிருந்தார்கள், பார்ப்பதற்கு முகம் மட்டும்தான் இருந்தது.

அதற்குப் பிறகு எனக்கு என்ன நடந்தது என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நான் அழவில்லை. வேலை செய்யத் தொடங்கிவிட்டேன். பந்தலுக்கு ஆள் பிடித்தேன், கோயிலுக்கு அறிவித்தேன், வந்தவர்களுக்குத் தேத்தண்ணி போகிறதா என்று பார்த்தேன். மாமியார் நெஞ்சில் அடித்துக் கதறியபோது, அவருடைய கைகளைப் பிடித்து, வகுப்பில் பேசுகிற அதே குரலில் மெதுவாகப் பேசினேன். படித்த பிள்ளை, எவ்வளவு தைரியமாக நிற்கிறா பாருங்கள் என்று சனங்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. தைரியமாவது மண்ணாவது. உள்ளே ஒன்றுமே இல்லை. பெட்டியில் கிடப்பவரைப் பார்த்தால் யாரோ போல இருந்தது. இந்த நிலைக்குப் படிப்பில் ஒரு பெயர் உண்டு, கரும்பலகையில் நானே எழுதிப் போட்டிருக்கிறேன். பெயர் தெரிந்து என்ன செய்ய? இவரை அழாமலே அடக்கம் செய்துவிடப் போகிறேன் என்ற பயம் மட்டும் வளர்ந்துகொண்டே வந்தது.

மறுநாள் காலை என் மாணவர்கள் வான் பிடித்து வந்தார்கள். எல்லோரும் வெள்ளை உடுப்பு. ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை, என் கையைக்கூடத் தொடவில்லை. பெட்டியைச் சுற்றி வரிசையாகக் கதிரைகளில் இருந்து, கைகளை மடியில் வைத்து, உடம்பைச் சற்று முன்னால் சாய்த்து, என் முகத்தையே பார்த்துக் கொண்டிருந்தார்கள். நான் எப்படிப் படிப்பித்தேனோ அப்படியே. யாருக்கும் ஒரு புள்ளிகூடக் குறைக்க முடியாது. ஏதோ கந்தோரிலிருந்து விசாரணைக்கு வந்தவர்கள் என்று அயலவர்கள் அவர்களுக்கு முதலில் சோடா கொடுத்தார்கள். மாமியார் அழுகையை நிறுத்திவிட்டு என் காதுக்குள் கேட்டார்.

"ஏன் பிள்ளை, இந்தப் பிள்ளையள் வாயே திறக்காம இருக்கினம்? எங்களோட ஏதும் கோவமோ?"

வேறு ஒரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்றைக்கு அந்த இருபது சோடிக் கண்களுக்கும் முன்னால் என்னால் நிற்க முடியவில்லை. அவர்கள்மீது பிழை இல்லை. முன்பின் தெரியாத ஒருவரிடம் எப்படி மரியாதையாக இருப்பது என்று நான் சொல்லிக் கொடுத்திருந்தேன், அவர்கள் அதைச் செய்தார்கள். நான் எழுந்து குசினிப் பக்கம் போய்விட்டேன்.

அவள் அந்த வானில் வரவில்லை. கட்டுக்கரையிலிருந்து இரண்டு பஸ் மாறி, தன் தாயையும் கூட்டிக்கொண்டு பிந்தித்தான் வந்தாள். தாய் மெலிந்து கறுத்த சின்ன உருவம். என்னை முன்பு பார்த்ததே இல்லை. ஆனாலும் நேரே போய் மாமியாரைக் கட்டிக்கொண்டு, தன் வீட்டில் நடந்தது போல அழத் தொடங்கிவிட்டார். மகள் என்னைத் தேடிக்கொண்டு குசினிக்கு வந்தாள். நான் தேத்தண்ணிக் கோப்பைகளைத் தட்டில் அடுக்கிக் கொண்டிருந்தேன். ஒன்றும் கேட்காமல் தட்டை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள். சால்வையால் என் முகத்தைத் துடைத்தாள், முகத்தில் வெறும் வியர்வைதான் இருந்தது.

"அழுங்க மிஸ். நான் இருக்கேன்."

பாதியைப் படித்திருந்தாள், மற்றப் பாதியைப் படிக்கவே இல்லை. இருக்கேன் என்றது பொய் என்று எனக்குத் தெரியும். சில மாதங்களில் படிப்பு முடியும், இவள் தன் வழியைப் பார்த்துக்கொண்டு போவாள் என்பது அந்த நிமிடத்திலும் தெரிந்தது. தெரிந்துகொண்டேதான் அதைப் பிடித்தேன். அவள் தோளில் முகத்தை வைத்ததும் என் வாயிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு, முன்னால் இருந்தவர்களெல்லாம் எழுந்து ஓடி வந்தார்கள். அதற்குப் பிறகுதான் பெட்டியில் கிடந்தவர் என் கணவர் ஆனார். சேமக்காலைக்குக் கொண்டு போகும் வரைக்கும் அவருடைய காலடியை விட்டு நான் எழும்பவில்லை.

இனிக் கல்லூரிக்குப் போவதில்லை என்று முடிவெடுத்தேன். எந்த முகத்தோடு அந்தப் பாடத்தைப் படிப்பிப்பது? ஆனால் அவள் ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்தாள், சில நாள் தாயோடு, சில நாள் தனியாக. சட்டி பானை கழுவினாள், மாமியாருக்குத் தலை வாரிவிட்டாள், குளத்தில் தண்ணீர் வற்றியதையும் பக்கத்து வீட்டுச் சண்டையையும் தன் சொந்தக் கதை முழுவதையும் அளந்தாள். நான் கூடாது என்று சொன்ன ஒன்றையும் அவள் விட்டுவைக்கவில்லை. முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த அன்று, பாடம் பாதியில் நிற்கிறது மிஸ், திங்கட்கிழமை வந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். நானும் போனேன். அந்த வருட முடிவில் எனக்கு நிரந்தர நியமனம் கிடைத்தது. செய்தியைச் சொல்லப் போனை எடுத்துவிட்டு, யாருக்கு எடுத்தேன் என்று தெரியாமல் நின்றேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வரவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. வகுப்புக்கும் இல்லை. வீட்டு வேலைக்குக் குவைத்துக்குப் போய்விட்டாள் என்று அவளுடைய சிநேகிதிதான் சொன்னாள். தகப்பனுக்கு இடுப்பு ஏலாமல் போய்விட்டதாம், தம்பி தங்கைகள் படிக்கிறார்களாம். இறுதிப் பரீட்சைக்குச் சில வாரங்களே இருந்தன. விமான நிலையத்திலிருந்து எனக்கு ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தாள். சொன்னால் விடமாட்டீர்கள் என்றுதான் சொல்லவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இதைத்தானே நான் படிப்பித்தேன், இதற்காகத்தானே புள்ளி குறைத்தேன் என்று, மாமியார் கோயிலுக்குப் போயிருந்த நேரம் வெறும் வீட்டில் தனியாகக் கத்தினேன். நான் சொன்னது சரியாகப் போனதில் எனக்கு ஒரு சந்தோசமும் இல்லை. ஞாயிறு வந்தால் வாசலைப் பார்க்கிற பழக்கம் போக வெகு நாளானது.

போன மாரியில், மழை விட்டு விட்டுப் பெய்த ஒரு காலையில் அவள் அழைத்தாள். நெடுநேரம் அழுகை மட்டும்தான் கேட்டது. தாய்க்குக் காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில் இருந்து, விடியப்புறம் இறந்துவிட்டாராம். அவள் வேலை செய்கிற வீட்டுக்காரர்கள் விடமாட்டார்கள். விட்டாலும் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். என்னிடம் அவள் ஒன்றும் கேட்கவில்லை, சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். எனக்கும் ஒரு பாடமும் ஞாபகம் வரவில்லை. எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று மட்டும் கேட்டேன்.

ஒரு ஆட்டோ பிடித்து முருங்கன் வழியாகப் போய்ச் சேர்ந்தேன். கிரவல் ரோட்டு முழுக்கச் சேறு. சின்ன வீடு, முன்னால் தறப்பாள் கட்டியிருந்தார்கள். தகப்பன் சுவரில் சாய்ந்தபடி இருந்தார். அங்கே எனக்கு வேறு ஒருவரையும் தெரியாது. போனில் அவளைக் கூப்பிட்டு, தாயின் முகம் தெரியும்படி பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே சிக்னல் சரியில்லை, படம் உறைந்து உறைந்து போனது. கிட்டப் பிடிக்கச் சொன்னாள். கைகளைக் காட்டச் சொன்னாள். பிறகு தலையைத் தடவிவிடச் சொன்னாள். தடவினேன். இரண்டு வருடங்களுக்கு முன் என் வீட்டுக்கு வந்து மாமியாரைக் கட்டிக்கொண்டு அழுத பெண். நெற்றி சில்லென்று இருந்தது.

தூக்குவதற்கு முன்னால் அவர்கள் முறைப்படி வாய்க்கரிசி போட ஒவ்வொருவராக வந்தார்கள். மூத்த மகள் போட வேண்டுமே, அவள் இல்லையே என்று ஒரு பெரியம்மா சொல்லி அழுதது போனுக்குள்ளும் கேட்டிருக்கிறது.

"பெரியம்மா, மிஸ்ஸுக்கு அரிசி குடுங்க. மிஸ் போடுவாங்க."

நான் வேதக்காரி, கத்தோலிக்க வீட்டில் பிறந்தவள். வாய்க்கரிசி போட்டது கிடையாது. எந்தக் கையால் எடுப்பது என்றுகூடத் தெரியாது. பெரியம்மா என் கையைப் பிடித்து, விரல்களுக்குள் அரிசியை வைத்தார். இடது கையில் போன், அதற்குள் அவள் அழுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக் கொண்டிருந்தாள். வலது கையால் அந்தத் தாயின் வாயில் அரிசியை இட்டேன். அந்த வீட்டில் ஒருவரும் நான் யார் என்று கேட்கவில்லை. எங்கேயோ ஒரு பாத்திரம் விழுந்தது, பிள்ளையொன்று சிணுங்கியது, பிறகு தூக்கிவிட்டார்கள். பெண்கள் நின்ற இடம் வரைக்கும்தான் என்னால் போகக் கூடியதாக இருந்தது. அங்கே நின்று, மழைக்குள் அவர்கள் போவதை, கண்ணுக்கு மறையும் வரை அவளுக்குக் காட்டினேன்.

அவள் இன்னும் குவைத்தில்தான் இருக்கிறாள். நான் அந்தப் பாடத்தை இன்னும் படிப்பிக்கிறேன். போகப் போகிறவர்கள் 'நான் இருக்கிறன்' என்று சொல்லக் கூடாது என்பதை இன்றைக்கும் சொல்லிக் கொடுக்கிறேன், அது சரிதான். ஆனால் அன்றைக்கு அந்தத் தாயைக் கடைசியாகப் பார்த்த கண் மகளுடையது, தொட்ட கை என்னுடையது. அந்தக் கையை வைத்துக்கொண்டு, உங்களுடைய வேதனை எனக்கு விளங்குகிறது என்று லேசாக ஒருவருக்குச் சொல்ல இனி எனக்கு வாய் வராது.