கொரிந்தியன் என்றால் தண்ணீர்

கொத்தனார் படுக்கையில் விழுந்து ஏழு மாதம் ஆகிறது. பக்கவாதத்தில் வலது கையும் காலும் போனதோடு பேச்சும் போயிற்று. மிஞ்சியது ஒரே ஒரு வார்த்தை: கொரிந்தியன். தூணின் தலையில் இலை இலையாக மடித்துச் செய்கிற வேலைக்கு அந்தப் பெயர். பங்களாக்காரர்களுக்கு அதை வார்த்துக் கொடுத்தே பேர் வாங்கியவர். ஏதோ பழைய கிரேக்க நகரத்தின் பேரிலிருந்து வந்தது என்று ஒரு இன்ஜினியர் சொன்னாராம். ஊரில் எத்தனையோ வார்த்தை இருக்க, நாக்கு இதைப் போய்ப் பிடித்துக்கொண்டதே என்று அவர் மனைவிக்கு ஆற்றாமை. பெண்டாட்டி பேரையாவது வைத்துக்கொண்டிருக்கக் கூடாதா?

இழுத்துச் சொன்னால் தண்ணீர். வெடுக்கென்று சொன்னால் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். முனகினால் முதுகு வலி. போனில் மகளிடம் சொன்னால் நலம் என்று அர்த்தம். மாப்பிள்ளை வந்தாலும் அதே வார்த்தைதான், ஆனால் வசவு. அதை மட்டும் மனைவி யாருக்கும் விளக்குவதில்லை.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் டாக்டரம்மா, அவரைக் கெடுத்ததே நீங்கள்தான் என்றுவிட்டாள். சொல்லாமலே எல்லாம் கிடைத்தால் அவர் எதற்கு வேறு வார்த்தை தேடப் போகிறார்? டம்ளரைக் காட்ட வேண்டும். "தண்ணி" என்று வாய் திறந்தால்தான் கொடுக்க வேண்டும். மாதக் கடைசிக்குள் ஒரு புது வார்த்தையாவது வராவிட்டால் பயிற்சி நின்றுவிடும். வெளியே அத்தனை பேர் காத்திருக்கிறார்கள். மனைவியும் தலைகீழாக நின்று பார்த்தாள். பகலெல்லாம் சலவைக்கடையில் துணி தேய்த்துவிட்டு வந்து, டம்ளரும் கையுமாக நிற்பாள். கேட்ட தண்ணீரைக் கொடுக்காமல் இருப்பதற்குத்தான் அவளிடம் தெம்பு இல்லை.

கடைசி நாளன்று டாக்டரம்மாவே டம்ளரை உயர்த்திப் பிடித்தாள். "சொல்லுங்க ஐயா. தண்..."

அவர் இழுத்துச் சொன்னார். மறுபடியும் அதையே சொன்னார். மூன்றாம் முறை உதடு நடுங்கியது. பிறகு வாயை இறுக மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். மனைவி எழுந்து போய் டம்ளரைப் பிடுங்காத குறையாக வாங்கி அவர் வாயில் வைத்தாள்.

"இன்னும் ஒரு நிமிஷம் பொறுத்திருந்தா வந்திருக்குமேம்மா."

"வந்திருக்கும். எனக்குத்தாம்மா முடியல."

குடித்ததில் பாதி கழுத்தில் வழிந்தது. துண்டால் துடைத்துவிட்டாள். அவர் அவள் முகத்தைப் பார்த்து, மெதுவாக, அந்த வார்த்தையைச் சொன்னார். இதுவரை அவள் கேட்டிராத குரலில் சொன்னார். என்ன சொல்கிறார் என்று டாக்டரம்மா கேட்டாள்.

"வீட்டுக்குப் போகலாங்கிறார்."

அவர் அதைத்தான் சொன்னாரா என்று அவளுக்குத் தெரியாது. அவளுக்குப் போக வேண்டும்போல இருந்தது.