கடைசிக் கத்திரி அத்தானுடையது

சோப்புத் தொழிற்சாலையை மூடியபோது சின்னவளுக்கு முப்பது தாண்டியிருந்தது. வீட்டில் இரண்டாவதாகப் பிறந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. தொழிற்சாலையிலும் அப்படியேதான் கூப்பிட்டார்கள். ஆள் மற்ற எல்லோரையும்விட ஒரு தலை உயரம் என்பதால் கூப்பிடும்போது அவர்களுக்கு ஒரு சிரிப்பும் வரும். கல்யாணம் என்று ஒன்று வந்து பேச்சோடு நின்றுபோயிருந்தது. வருஷக்கணக்காக சோப்பைக் காகிதத்தில் சுற்றியவளுக்கு வேறு எந்தத் தொழிலும் தெரியாது.

அக்காதான் முந்திக்கொண்டாள். “எதுக்கு கண்ட இடத்துக்கும் அலையறே? அத்தான்கிட்ட தையல் கத்துக்கோ. எங்களுக்கும் ஒத்தாசைக்கு ஆள் ஆச்சு.”

அக்காவின் கணவர் கோட்டு தைப்பதில் பெயரெடுத்தவர். தெருவுக்கே அவர் மாஸ்டர். சின்னவளைவிட இரண்டு மூன்று வயதுதான் பெரியவர் என்றாலும், கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு நின்றால் ஒரு தலைமுறை மூத்தவர் போல இருப்பார். கடை கீழே, அவர்களும் அவர்கள் பிள்ளையும் இருக்கும் வீடு மேலே. இரண்டு மெஷின், நடுவில் வெட்டு மேஜை, சுவரோரம் இஸ்திரிப் பெட்டி. சூடான கம்பளித் துணியின் வாசனை படியேறிச் சமையலறை வரை போகும்.

முதலில் பட்டன், பிறகு பட்டன் துளைக்கான காஜா. காஜா எடுத்து எடுத்து விரல் நுனி உரமேறிய பிறகு லைனிங், காலர், பை. மாஸ்டர் கோபக்காரர் இல்லை. தப்பாகத் தைத்தால் ஒரு வார்த்தை சொல்லமாட்டார். பிரித்து அவள் முன்னால் வைத்துவிட்டுப் போய்விடுவார். துணியை நனைத்துக் காயவைத்த பிறகுதான் வெட்ட வேண்டும், கம்பளியை ஈரத்துணி போட்டுத்தான் தேய்க்க வேண்டும் என்று ஒவ்வொன்றையும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். அவர் அப்படிச் சொல்லிக்கொடுக்கும்போது, கூடப்பிறந்த அண்ணன் இல்லாத குறை தீர்ந்தது என்று சின்னவள் நினைத்துக்கொள்வாள்.

கத்திரியைக் கையில் கொடுத்த நாளில் கை பொருத்தும் வளைவை எப்படி வெட்டுவது என்று காட்டினார். “முன்பக்கம், பின்பக்கம் ரெண்டையும் ஒண்ணாச் சேர்த்துப் போடு. ஒரே வளைவு, ஒரே வெட்டு. முன்னுக்கும் பின்னுக்கும் வித்தியாசம் கிடையாது. மனசுல பதிச்சுக்கோ.”

அவள் பதித்துக்கொண்டாள். வெட்டியதும் மாஸ்டர் துண்டுகளை வாங்கித் தன் மேஜைக்குக் கொண்டுபோவார். முதுகைத் திருப்பிக்கொண்டு ஓரத்தில் கொஞ்சம் நறுக்குவார். ஏன் என்று ஒருமுறை கேட்டாள்.

“கடைசிக் கத்திரி என்னோடதா இருக்கணும். அது ஒரு ராசி.”

அக்காவும் படியில் நின்றபடி, “ஆமாடி, அவருக்கு அதுல ஒரு நம்பிக்கை” என்றாள்.

தொழில்காரர்களுக்கு ஆயிரம் ராசி இருக்கும் என்று சின்னவள் விட்டுவிட்டாள். அந்தக் கடையிலிருந்து போன கோட்டு எதுவும் திரும்பி வந்ததில்லை. பாதிக்குமேல் வெட்டியது தான்தான் என்பதில் அவளுக்கு உள்ளூர ஒரு பெருமையும் இருந்தது.

சில வருஷங்கள் கழித்து, நகரத்தின் மறுகோடியில் ஒரு சின்ன இடம் வாடகைக்கு வந்தது. தனியாகப் போகிறேன் என்று சொல்ல அவளுக்குப் பயமாக இருந்தது. மாஸ்டர் முகம் கோணவில்லை. போகிற அன்று சாம்பல் நிறத்தில் ஒரு மேல்சட்டை தைத்துக் கொடுத்தார். “போட்டுக்கோ. வர்றவங்க உன் உடம்புல இருக்கிறதைப் பார்த்துத்தான் உன் கையை நம்புவாங்க” என்றார். அக்கா கட்டிப்பிடித்து அழுதாள். சின்னவளும் அழுதாள்.

புதுக் கடைக்கு வந்த முதல் பெரிய வேலை ஒரு பேண்டு வாத்தியக் குழுவுடையது. ஆள் ஆளுக்கு ஒரு சிவப்புக் கோட்டு. குழுவின் தலைவர் டிரம்பெட் ஊதுபவர், நல்ல தொந்திக்காரர். சின்னவள் சோறு தண்ணீர் மறந்து தைத்தாள். போட்டுப் பார்த்தபோது எல்லோரும் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றார்கள். கோட்டு அழகாக விழுந்தது.

ஊர்வலம் முடிந்த மறுநாள் காலை, தலைவர் கோட்டு மூட்டையோடு கடைக்குள் வந்தார். மூட்டையை மேஜைமேல் போட்டார்.

“அம்மா, ஊதறதுக்குக் கையைத் தூக்கணுமா, வேண்டாமா?”

“தூக்கணும்.”

“நாங்களும் அப்படித்தான் நினைச்சோம். தூக்கினோம். முதல்ல என் கோட்டு ‘டர்ர்’ன்னுச்சு. டிரம் அடிக்கிறவன் அதையும் தாளம்னு நினைச்சுத் தொடர்ந்து அடிச்சான். அப்புறம் அவன் கோட்டும் போச்சு. மொத்த ஊரும் எங்க முதுகைப் பார்த்துச்சு.”

அவர் சிரிக்கவில்லை. சின்னவள் மூட்டையைப் பிரித்துப் பார்த்தாள். எல்லாக் கோட்டும் கிழிந்தது ஒரே இடத்தில், பின்பக்கம், கை சேரும் வளைவில். தையல் நூல் உறுதியாக இருந்தது. துணிதான் தாங்காமல் போயிருந்தது. “சரிபண்ணித் தர்றேன்” என்று மட்டும் சொன்னாள். எப்படி என்று அவளுக்கே தெரியாது. அவர் போன பிறகு இன்னொரு கோட்டு வெட்டித் தைத்துப் பார்த்தாள், அதே வளைவில், அதே கவனத்தோடு. போட்டுக்கொண்டு கையை முன்னே நீட்டினாள். முதுகு இழுத்துப் பிடித்தது.

தன் கைதான் சரியில்லை, அத்தானுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்துவிட்டோம் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. அந்த வெட்கத்தில் அவரிடம் போய்க் கேட்கவும் மனம் வரவில்லை.

துறைமுகத்தை ஒட்டிய சந்தையில் பழைய துணி குவியலாகக் கிடக்கும். கடல் கடந்து கப்பலில் வருபவை. அங்கே போய்க் கோட்டுகளாகப் பொறுக்கி எடுத்தாள். குளிர்நாட்டுக் கனத்த கோட்டு ஒன்று, யாரோ சிப்பாய் போட்டது ஒன்று, மெஷின் வருவதற்கு முந்தியதோ என்னவோ, முழுக்க ஊசியால் கையில் தைத்த கறுப்புக் கோட்டு ஒன்று. கடைக்கு வந்து ஒவ்வொன்றாகத் தையலைப் பிரித்து மேஜைமேல் விரித்தாள்.

எல்லாவற்றிலும் முன்பக்க வளைவு உள்வாங்கிக் குழிந்திருந்தது. பின்பக்கம் குழியாமல் தாராளமாக விட்டிருந்தது. கையின் மேல்பகுதியும் முன்னுக்கு ஒரு மாதிரி, பின்னுக்கு ஒரு மாதிரி. தேசம் வேறு, காலம் வேறு, ஒருவரை ஒருவர் கண்ணால்கூடப் பார்த்திராத தையற்காரர்கள். ஆனாலும் பேசி வைத்துக்கொண்டதுபோல் ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள். மனிதன் கை முன்பக்கம்தானே அதிகம் போகிறது.

சின்னவள் தான் போட்டிருந்த சாம்பல் நிற மேல்சட்டையைக் கழற்றித் தோளில் பிரித்தாள். முன்பக்கம் ஆழமாகக் குழிந்திருந்தது. பின்பக்கம் தாராளமாக இருந்தது.

ராசி என்று சொல்லிக்கொண்டு முதுகைத் திருப்பி அவர் நறுக்கியது முன்பக்க வளைவை என்று அப்போது புரிந்தது. அதைக் குழிக்காமல் விட்டால், கையை நீட்டும்போது இழுப்பு முழுவதும் பின்பக்கத் துணியில் விழும்.

மறுநாள் அக்கா வீட்டுக் கடையில் நின்றாள். மாஸ்டர் மேஜையருகே இருந்தார். பிரித்த சாம்பல் நிறத் துண்டுகளை அவர் முன் வைத்தாள். அவர் பார்த்தார். மறைக்க முயலவில்லை.

“எனக்கு மட்டும் யார் சொல்லிக் குடுத்தா? என் மாஸ்டர் வெட்டும்போது என்னை டீ வாங்க அனுப்பிடுவார். நான் ஒளிஞ்சு பார்த்துத் திருடினேன். தொழில்னா அப்படித்தான். நீயும் திருடியிருக்கணும்.”

“திருட வேண்டிய இடம்னு எனக்குத் தெரியாது அத்தான். சொந்த வீடுன்னு நினைச்சேன்.”

அவர் டேப்பைச் சுருட்ட ஆரம்பித்தார். படியில் அக்கா வந்து நின்றிருந்தாள்.

“உனக்குத் தெரியுமாக்கா?”

அக்கா முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டாள். “நீ எல்லாம் கத்துக்கிட்டா எங்களை விட்டுப் போயிடுவியோன்னு பயந்தோம். போனாலும் வேலை சரியா வராம நீ திரும்பி வந்துடுவேன்னு நினைச்சோம்.”

‘பயந்தோம்’, ‘நினைச்சோம்.’ ஒருமையில் சொல்லியிருந்தால் ஒருவேளை தாங்கியிருப்பாள். அவர்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். அவள் மாடியில் தட்டைக் கழுவிக்கொண்டிருந்த நேரத்திலோ, அவர்கள் பிள்ளைக்குத் தலை வாரிவிட்ட நேரத்திலோ பேசியிருக்கிறார்கள். துண்டுகளைக்கூட எடுத்துக்கொள்ளாமல் வெளியே வந்துவிட்டாள்.

சிவப்புக் கோட்டுகளுக்கு வழி அந்தக் கறுப்புக் கோட்டிலேயே இருந்தது. அதைத் தைத்தவர், அவர் எந்த ஊர்க்காரரோ, கையைத் தாராளமாகத் தூக்க வசதியாக அக்குளில் சாய்சதுரமாக ஒரு துண்டு வைத்திருந்தார். சின்னவள் அதைப் பார்த்துச் சிவப்புக் கோட்டில் ஒரு துண்டை வைத்தாள், பிரித்தாள், மறுபடி வைத்தாள். பேண்டு தலைவர் போட்டுக்கொண்டு கடை வாசலில் நின்று டிரம்பெட்டை உயரத் தூக்கி ஊதிப் பார்த்தார். “அக்குள்ல ஜன்னல் வெச்ச கோட்டு இப்பதான் பார்க்கிறேன். காத்தோட்டமா இருக்கு” என்றார். அடுத்த வருஷமும் அவளிடமே வந்தார்.

வேலை வந்துகொண்டிருந்தது. மனம்தான் பழையபடி ஆகவில்லை. இதில் பொய் சொன்னவர் வேறு எதில் சொல்லியிருப்பார்? மாஸ்டர் கற்றுக்கொடுத்த ஒவ்வொன்றையும் சந்தேகத்தோடு சோதித்துப் பார்த்தாள். துணியை நனைக்காமல் வெட்டினாள்; சுருங்கியது. ஈரத்துணி இல்லாமல் தேய்த்தாள். கம்பளி பளபளத்துக் கெட்டது. ஊசி பிடிக்கும் விதம், கோட்டின் உள்ளே விறைப்புக்குக் கேன்வாஸ் வைக்கும் விதம் எல்லாம் சரியாக இருந்தன. பொய் அந்த ஒன்று மட்டும்தான். மற்ற எதிலும் அவர் துளிக்கூட வஞ்சகம் வைக்கவில்லை என்று தெரிந்த அன்று, கெட்டுப்போன கம்பளித் துண்டை மடியில் வைத்துக்கொண்டு அவள் வெகுநேரம் அழுதாள். முழுப் பொய்யனாக இருந்திருந்தால் வெறுத்துத் தொலைத்திருக்கலாம்.

ஒரு மழைக்காலத்தில் அக்கா கடை தேடி வந்தாள். குடையை வாசலில் சாய்த்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தாள். தங்கை டீ போட்டுக் கொடுத்தாள்.

“கடையில ஆள் பத்தலை. அவரும் இளைச்சுட்டார். நீ வந்துடேன். இனிமே எல்லாத்தையும் சொல்லித் தர்றேன்னு சொன்னார்.”

“அவர் சொல்லுவார் அக்கா. நான் எப்படி நம்புறது?”

“அவரை நம்ப வேண்டாம். நான் சொல்றேனே.”

சின்னவள் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து தெரிந்த முகம். “நீ சொல்றதைத்தான்கா என்னால நம்ப முடியலை” என்றாள். குரலில் கோபம் இல்லை.

அக்கா டீயை முழுவதும் குடித்தாள். டம்ளரைக் கழுவி வைத்தாள். மழை விடும்வரை காத்திருக்கத் தங்கை சொல்வாள் என்று எதிர்பார்த்தவள்போல வாசலில் கொஞ்சம் நின்றுவிட்டு, குடையை விரித்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். கூப்பிட வேண்டும் என்று சின்னவளுக்கு வாய் வரை வந்தது. அவள் கூப்பிடவில்லை. அக்கா தெருமுனை திரும்பும் வரை நின்று பார்த்துவிட்டு, உள்ளே வந்து மெஷினில் உட்கார்ந்தாள்.